ஜமைக்காவுக்கு மூட்டையா, பணமா? தொலைவிலிருந்து சூறாவளி நிவாரணத்துக்கு உதவும் வழிகள்: ஓர் ஒப்பீடு

தீபாவளி முடிந்து எட்டே நாளில், 2025 அக்டோபர் 28 அன்று, மெலிசா சூறாவளி ஜமைக்காவின் தென்மேற்குப் பகுதியில் மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. அங்கே நண்பகல், இங்கே மலேசியாவில் 29-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. அந்த வாரக் கடைசிக்குள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தின் மூலையில் பதினோரு மூட்டைத் துணி சேர்ந்துவிட்டது. பண்டிகைக்காக அலமாரியை ஒழித்தவர்கள், நல்ல துணியை எறிய மனம் வராமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், முந்தானையில் முடிந்திருந்த ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்) அவிழ்த்து என் கையில் வைத்து, "இது அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துடுமா, தம்பி?" என்று கேட்டார்.

கோயில் நிர்வாகத்தின் பொருளாளராக இருந்தும் அன்று அவருக்கு உறுதியான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. அதன்பின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்தும் அதே கேள்வி வெவ்வேறு உருவில் வந்தது. துணியை எங்கே அனுப்புவது, பணம் என்றால் யாரிடம் கொடுப்பது, கைப்பேசியில் வரும் வேண்டுகோள்களை நம்பலாமா, பணமில்லாத இளைஞர்கள் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார்கள். இவற்றுக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

"நம் ஊரிலேயே தேவை இருக்கும்போது ஜமைக்கா எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியதைப் போலவே, 1853-ஆம் ஆண்டு முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. ஜமைக்காவுக்கும் 1845-இலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வடநாட்டவர். சூறாவளி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் நவம்பர் வரை அச்சுறுத்தும் வட்டாரம் அது. தோட்டத்து மண்ணில் வளர்ந்த எனக்கு அந்தத் தீவுகள் அந்நியமாகத் தோன்றவில்லை. அப்படி உறவு எதுவும் இல்லாவிட்டாலும், கூரை பறந்த வீட்டில் நனைந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு உதவக் காரணம் வேண்டியதில்லை.

முதலில் அளவுகோல்கள்

எந்த வழியையும் ஐந்து கேள்விகளால் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலாவது, தேவைப்படும் நேரத்தில் போய்ச் சேருமா என்பது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேவைப்படும் நேரம் என்றால் முதல் வாரம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி புவெர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அரசு முதலில் அறிவித்த உயிரிழப்பு 64. மறு ஆண்டு ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 2,975 ஆகத் திருத்தப்பட்டது. காற்றும் வெள்ளமும் நேரடியாகக் கொன்றவர்களைவிட, பின்வந்த மாதங்களில் மின்சாரமும் மருத்துவமும் கிடைக்காமல் போனவர்களே மிகுதி. தீவு முழுவதும் மின்சாரம் திரும்ப ஏறத்தாழ பதினொரு மாதங்கள் ஆயின. இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளும், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் வீடுகளும் நம்மிடையே எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் உதவி ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

இரண்டாவது, நாம் கொடுக்கும் ஒரு வெள்ளியில் வழிச்செலவாகக் கரைவது எவ்வளவு என்பது. மூன்றாவது, நாம் அனுப்புவது அங்குள்ளவர்களுக்கு உதவியாக அமையுமா, அல்லது அவர்கள் பிரித்து, அடுக்கி, இடம் தேடி வைக்க வேண்டிய சுமையாக அமையுமா என்பது. நான்காவது, பின்னாளில் நாம் கணக்குக் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் இருப்பாரா என்பது. ஐந்தாவது, நம் நாட்டுச் சட்டத்துக்கும் சங்க விதிகளுக்கும் அது உட்பட்டதா என்பது. நல்ல நோக்கத்தோடு இறங்குகிறவர்கள் இந்த ஐந்தாவதை மறந்துவிடுவதால், தனியே பின்னர் எழுதுகிறேன்.

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக அட்டவணையை முன்னதாகவே தருகிறேன். காரணங்கள் அதன்பின் வருகின்றன.

| வழி | போய்ச் சேரும் காலம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| துணி, உணவுப் பொருள் | கடல்வழி ஒரு மாதத்துக்கும் மேல் | கப்பல் கூலி, சுங்கம், அங்கே பிரித்தெடுக்கும் உழைப்பு | அருகிலுள்ள பேரிடருக்கு மட்டும் |
| மலேசிய அமைப்பு வழியாகப் பணம் | சில நாள் முதல் சில வாரம் | வேண்டுகோள் விடுக்காத பேரிடருக்குப் பயன்படாமல் போகலாம் | வரி கட்டுவோர், சங்கங்கள் |
| அனைத்துலக அமைப்புக்கு நேரடியாக | உடனடி | நாணய மாற்று, அட்டைக் கட்டணம் | தனியாக, இணையத்தில் கொடுப்போர் |
| அந்நாட்டு அமைப்புக்கு நேரடியாக | சில நாள் | வங்கிக் கட்டணம், சரிபார்க்கும் நேரம் | பெருந்தொகை திரட்டியவர்கள், மறுகட்டுமானத்துக்கு |
| தனிநபர் இணைய வேண்டுகோள் | உடனடி | மேடைக் கட்டணம், ஏமாறும் ஆபத்து | அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் |
| வரைபட உழைப்பு | அன்றே | பயிற்சி நேரம் | கணினியும் இணையமும் உள்ள இளைஞர்கள் |

துணியும் பொருளும்

நம்மவர்களின் முதல் எண்ணம் இதுவாகவே இருப்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேராக்கிலிருந்து ஜமைக்கா 17,000 கிலோமீட்டருக்கும் மேல். உலக உருண்டையில் ஏறக்குறைய நமக்கு நேர் எதிர்ப்புறம். கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றும் கொள்கலன், இடையில் கப்பல் மாறி, கிங்ஸ்டன் துறைமுகத்தை அடைய ஒரு மாதத்துக்கும் மேலாகும். கூலியைக் கணக்கிட்டால், மூட்டைக்குள் இருக்கும் பழந்துணியின் மதிப்பைவிட அதை அனுப்பும் செலவு பெரிதாக வரும். அந்தக் கூலிக்கு அங்கேயே புதுத் துணி வாங்கலாம். வாங்கும் பணம் புயலில் அடிபட்ட அங்குள்ள கடைக்காரருக்கே போய்ச் சேரும்.

தண்ணீரைப் பற்றிய கணக்கு இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் பேரிடர்த் தகவல் மையம் ஒன்று மக்களுக்கு எடுத்துச் சொல்லிவந்த கணக்கின்படி, 40,000 பேருக்கு ஒரு நாளுக்குப் போதுமான ஒரு லட்சம் லிட்டர் குடிநீரை அமெரிக்காவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏறத்தாழ 3,00,000 டாலர் ஆகும். அதே அளவு நீரைச் சுத்திகரிப்புக் கருவி கொண்டு அந்த இடத்திலேயே எடுக்க ஏறத்தாழ 300 டாலர் போதும்.

செலவோடு முடிந்தாலும் பரவாயில்லை. 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸையும் நிக்கராகுவாவையும் அழித்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நேரத்தில் நன்கொடைத் துணி குவிந்து ஓடுபாதையை அடைத்ததால், நிவாரணப் பொருளோடு வந்த விமானம் தரையிறங்க முடியாமல் போனதைக் களத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெப்ப நாட்டுக்கு வந்த அந்தக் குவியலில் குளிர்காலக் கோட்டுகளும் இருந்தன. புவெர்ட்டோ ரிக்கோவில் மரியா அடித்து ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில், தலைநகர் சான் ஹுவானில் அரசு அலுவலகம் ஒன்றின் வளாகத்தில் நன்கொடை உணவும் தண்ணீரும் அடங்கிய பத்துக் கொள்கலன்களாவது கெட்டுப்போய் எலி ஓடும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டன. பகிர்ந்து கொடுக்க ஆளும் வண்டியும் இல்லாத இடத்தில் பொருளைக் கொண்டுபோய்க் குவித்தால் நேர்வது இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோரத்தில் உடுத்த முடியாத பழந்துணி சாலையோரங்களில் கிடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பத்துக்குக் கிழிந்த துணியைக் கொடுப்பது எத்தகைய அவமதிப்பு என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கும் இதில் அனுபவம் உண்டு. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்து ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, நாங்கள் ஒரு லோரி நிறையத் துணி ஏற்றிக்கொண்டு போனோம். நிவாரண மையமாக இருந்த மண்டபத்தில் எங்களுக்கு முன்பே துணி ஆள் உயரத்துக்குக் கிடந்தது. சமைக்க வேண்டிய பெண்கள் நான்கு பேர் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "அண்ணே, துணி வேண்டாம். வீடு கழுவ வாளியும் விளக்குமாறும் பூட்ஸும் வாங்கித் தாங்க" என்றார். பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிக் கொடுத்தோம். கொண்டுபோன துணியில் பாதியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தோம்.

ஆகவே பொருள் கொடுப்பது சரியான வழியாகும் நிலைமை இது: பேரிடர் ஒரு நாள் லோரிப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், அங்கே பொறுப்பில் உள்ளவர் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டுமே கொண்டுபோக வேண்டும். பேராக், கெடா, கிளந்தான் வெள்ளங்களுக்கு இது பொருந்தும். கரீபியன் சூறாவளிக்குப் பொருந்தாது.

மலேசிய அமைப்பு வழியாகப் பணம்

நம் நாட்டில் பதிவுபெற்று, அயல்நாட்டுப் பேரிடர்களிலும் பணியாற்றிய அமைப்புகள் உண்டு. 1999-இல் தொடங்கப்பட்ட மெர்சி மலேசியா அவற்றில் ஒன்று. மலேசியச் செம்பிறைச் சங்கம் மற்றொன்று. உலகெங்கும் உள்ள செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் குடும்பத்தில் அதுவும் ஓர் உறுப்பினர்.

இந்த வழியின் பலம் அருகாமை. உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து உள்ளூர் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதால் கட்டணம் கிட்டத்தட்ட இல்லை. சந்தேகம் வந்தால் தொலைபேசியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம். ரசீது நம் பெயரில் வரும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த பணத்துக்கு, தனிநபர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கோரலாம். அந்த அங்கீகாரம் ரசீதில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அயல்நாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடைக்காது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களுக்கு இதில் வேறுபாடு ஏதும் இல்லை.

பலவீனமும் உண்டு. எல்லா அயல்நாட்டுப் பேரிடருக்கும் நம் அமைப்புகள் தனி நிதி திறப்பதில்லை. கரீபியன் தீவில் புயல் அடித்தால், அதற்கெனக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால், "உங்கள் பொதுப் பேரிடர் நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுப்பதா, வேறு வழிக்குப் போவதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். சிறு தொகை கொடுப்பவருக்குப் பொது நிதியே நல்லது என்பது என் கருத்து. இந்த மழைக்காலத்திலேயே கிளந்தானுக்கு அது தேவைப்படலாம்.

அனைத்துலக அமைப்புக்கு நேரடியாக

செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு, யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் ஆகியவை தம் இணையத்தளத்திலேயே அட்டை வழியாகப் பணம் பெறுகின்றன. புயல் கரையேறுமுன்பே கையிருப்பைக் கொண்டுபோய் வைக்கும் ஆற்றல் இத்தகைய அமைப்புகளுக்கே உண்டு. சமையற்கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸ் 2010-இல் தொடங்கிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன், மரியாவுக்குப் பின் புவெர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளை உள்ளூர்ச் சமையலறைகளிலேயே சமைத்துக் கொடுத்தது. அன்னதானத்தின் அருமை அறிந்த நம்மவர்களுக்கு அந்த முறையை விளக்க வேண்டியதில்லை.

பெரிய பெயர் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று சொல்ல மாட்டேன். 2010 ஹைத்தி நிலநடுக்கத்துக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ 48 கோடியே 80 லட்சம் டாலர் திரட்டியது. 2015-இல் என்.பி.ஆர். வானொலியும் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் சேர்ந்து விசாரித்தபோது, அந்தச் சங்கம் அங்கே கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று எழுதின. தற்காலிகக் குடியிருப்பு, வீடு பழுதுபார்த்தல், மருத்துவம், குடிநீர் ஆகியவற்றுக்குச் செலவிட்டதாகச் சங்கம் பதில் சொன்னது. அதன் மொத்தப் பணியையும் நான் குறை கூறவில்லை. மக்களை அறியாத, நில உரிமை ஆவணம் எப்படி இருக்கும் என்று தெரியாத வெளிநாட்டு அமைப்பு, முதல் மாத நிவாரணத்தில் சிறந்து விளங்கினாலும் மறுகட்டுமானத்தில் தடுமாறலாம் என்பதையே இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கட்டணம் சிறியது: அட்டை நிறுவனத்தின் அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் நாணய மாற்று வேறுபாடும் சேர்ந்து சில விழுக்காடு போகும். வீட்டிலிருந்தபடி ஐம்பது, நூறு வெள்ளி உடனே கொடுக்க விரும்புகிறவருக்கு இதுவே எளிய வழி.

அந்த நாட்டிலேயே வேரூன்றிய அமைப்பு

புயல் அடிப்பதற்கு முன்பும் அங்கே இருந்து, நிவாரணப் படையினர் விமானம் ஏறிப் போனபின்பும் அங்கேயே இருக்கப்போகிற அமைப்பு என்பது தனிச் சிறப்பு. ஜமைக்காச் செஞ்சிலுவைச் சங்கம் அப்படிப்பட்டது. மெலிசாவுக்குப் பின் ஜமைக்கா அரசும் "சப்போர்ட் ஜமைக்கா" என்ற பெயரில் அதிகாரபூர்வ இணையவாசலைத் திறந்தது. எந்தக் கிராமத்தில் எந்தப் பாலம் உடைந்தது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர் இருக்கிறார் என்பது உள்ளூர்க்காரர்களுக்கே தெரியும். நம் தோட்டத்தில் வெள்ளம் வந்தால் முதலில் லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) இறங்குகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து யாரும் வந்து சேருமுன் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருப்பார்.

தடை வங்கிக் கட்டணத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்குத் தந்தி மாற்று முறையில் பணம் அனுப்பும்போது, அனுப்பும் வங்கி, இடைப்பட்ட வங்கி, பெறும் வங்கி ஆகிய மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளக்கூடும். மொத்தக் கட்டணம் 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தனியாக 100 வெள்ளி அனுப்பினால் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அறுபது பேர் சேர்ந்து 6,000 வெள்ளியாக ஒரே முறை அனுப்பினால் ஒரு விழுக்காடுதான் போகும்.

சேர்த்து அனுப்புவது நமக்குப் புதிதன்று. எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பங்குப் பணத்தில்தான் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்படும் அச்சத்தில் இருந்த மக்களின் சிறு பணம் அது. கூட்டுறவின் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றே.

தனிநபர் இணைய வேண்டுகோள்

படத்தோடும் அழுகையோடும் கைப்பேசியில் வரும் வேண்டுகோள்கள் இவை. கோஃபண்ட்மீ போன்ற மேடைகள் அமெரிக்காவில் ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 விழுக்காடும் 30 சென்ட்டும் எடுத்துக்கொள்கின்றன; அது பெரிய தொகையன்று. கேட்பவர் உண்மையானவரா என்பதுதான் சிக்கல். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபின் போலி நன்கொடைத் தளங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பேரிடர் மோசடிக்கென்றே அமெரிக்க நீதித்துறை அந்த ஆண்டில் ஒரு தேசிய மையத்தை அமைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தை உங்களுக்கோ, உங்களுக்கு நன்கு தெரிந்தவருக்கோ நேரில் தெரியுமானால் கொடுங்கள். எந்த அமைப்பின் பட்டியலிலும் வராத ஒரு வீட்டுக்கு அது நேராகப் போய்ச் சேரும். தெரியாவிட்டால் வேண்டாம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பத்துப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்பது சான்றாகாது.

பணத்துக்குப் பதில் உழைப்பு

"நான் நேரில் போகிறேன்" என்று எங்கள் இளைஞர்கள் இருவர் முன்வந்தார்கள். அவர்களின் மனத்தை மதிக்கிறேன். எனினும், பயிற்சியில்லாத ஒருவர் பேரிடர்ப் பகுதிக்குப் போனால், அவருக்கும் தண்ணீரும் உணவும் படுக்கையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். விமானச் சீட்டின் விலையில் ஒரு வீட்டுக்குக் கூரை போடலாம். மருத்துவர், தாதி, மின்பொறியாளர் போன்றோர் மட்டும், அதுவும் ஓர் அமைப்பின் அழைப்போடு போகலாம்.

அந்த இருவருக்கும் வேறொரு வேலை கிடைத்தது. புயல் அடித்த பகுதிகளில் பல கிராமங்கள் வரைபடத்தில் முழுமையாக இருப்பதில்லை. லோரி எந்தத் தடத்தில் போவது, எத்தனை வீடுகள் இருந்தன என்பது மீட்புப் பணியாளர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தில், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் சாலைகளையும் வரைந்து சேர்க்கும் தன்னார்வலர்களை ஹியூமானிட்டேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழு ஒருங்கிணைக்கிறது. 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்களும் அந்தக் குழுவோடு சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வரைபடத்தை நிலத்துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் ஒரு துண்டை எடுத்து வரைவார். அனுபவமுள்ள இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார்.

கட்டணம் இல்லை, வழிச்செலவு இல்லை, சுமையும் இல்லை. மறைந்திருக்கும் செலவு பயிற்சி நேரம்தான். நிழலைக் கட்டடம் என்று வரைந்தால் சரிபார்ப்பவருக்கு இரட்டை வேலை. ஆகவே முதல் இரண்டு மாலைகளை அவசரமில்லாத ஒரு பகுதியில் பழகச் செலவிட்டு, பிறகு அவசரப் பணிக்கு வருவது நல்லது. எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பணியை நான் அறியேன்.

சட்டமும் சங்க விதியும்

வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதற்குக் காவல் துறையின் உரிமம் வேண்டும். உண்டியலைத் தூக்கிக்கொண்டு சந்தையில் நிற்குமுன் மாவட்டக் காவல் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். சங்கமோ கோயிலோ திரட்டுவதானால், அதன் சட்டவிதிகள் அத்தகைய செலவுக்கு இடம் தருகின்றனவா என்று பார்த்து, நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் குறிப்பேட்டில் எழுதி, கோயில் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்காக வைக்க வேண்டும். ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் ஒரு நாள்கூட அந்தப் பணம் இருக்கக் கூடாது. நல்ல மனிதர்களின் பெயர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

பணம் என்று முடிவானபின்: நிபந்தனையும் காலமும்

"இந்தப் புயலுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுப்பதா, "எங்கே தேவையோ அங்கே" என்று கொடுப்பதா? 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தன் சுனாமிப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, அதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். உலகம் பார்த்துக்கொண்டிருக்கும் பேரிடருக்குப் பணம் குவியும். பார்க்காத இடத்துக்கு வராது. நம்பிக்கையான அமைப்பு என்றால் நிபந்தனையில்லாமல் கொடுப்பதே அவர்கள் கையைக் கட்டாமல் இருக்கும். ஊர் மக்களிடம் "ஜமைக்காவுக்கு" என்று சொல்லி வாங்கிய பணத்தை மட்டும் அப்படிக் கொடுக்கக் கூடாது; சொன்ன சொல்லுக்கே அது போக வேண்டும்.

காலத்தைப் பற்றி மேலே சொன்னதன் தொடர்ச்சியாக, தொகையை இரண்டாகப் பிரிப்பதே சரி என்று கருதுகிறேன். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடா நாட்டின் காரியாக்கு தீவைத் தாக்கியபோது, சில மணி நேரத்துக்குள் அங்குள்ள கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை சேதமாயின. முதல் வாரத்துச் செய்தி உலகெங்கும் போனது; கூரை மாற்றும் வேலையோ அடுத்த புயல் பருவம் வரை நீண்டது. அந்த நீண்ட வேலைக்குக் கொடுப்பவர்கள் குறைவு.

எங்கள் நிர்வாகம் எடுத்த முடிவு

மூன்று வாரத்தில் 4,260 வெள்ளி சேர்ந்தது. பாதியை, அதாவது 2,130 வெள்ளியை, செஞ்சிலுவை, செம்பிறைக் கூட்டமைப்பு மெலிசாவுக்காக விடுத்த வேண்டுகோளுக்கு ஒரே தவணையாக அனுப்பினோம். மறுபாதி தனிக் கணக்கில் இருக்கிறது. ஜமைக்காவில் வீடு கட்டும் பணியில் நிலைத்திருக்கும் உள்ளூர் அமைப்பு எது என்பதைச் சரிபார்த்து, வரும் ஏப்ரலில், அடுத்த புயல் பருவத்துக்கு முன், அனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். ரசீது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

பதினோரு மூட்டையில் உடுத்தத் தக்கதாக நான்கு தேறின. அவற்றைத் துவைத்து, அளவு எழுதிக் கட்டி, நம் வட்டார வெள்ளத்துக்கென மண்டபத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். மற்றவை பட்டறைகளுக்குத் துடைதுணியாகப் போயின.

பாட்டியிடம் ரசீதைக் காட்டி, அவருடைய ஐம்பதில் இருபத்தைந்து போய்ச் சேர்ந்துவிட்டது, மீதி இருபத்தைந்து கூரைக்காகக் காத்திருக்கிறது என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "தகரமா, ஓடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் ஏப்ரலில் எழுதவிருக்கும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.